முடுக்குச் சன்னலில் மெட்டு வைத்தது

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஒன்பது, வளர்த்தது பதினொன்று. கூடுதல் இரண்டும் என் நாத்தனார் பெற்றுப் போட்டுப் போனவை. எது நான் பெற்றது, எது அவள் பெற்றது என்று இன்றைக்கு ஊரில் கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அப்படி வளர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு எனக்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்.

சொல்வது நான், எழுதுவது என் பேத்தி. எனக்குப் பெயர் எழுத வரும், பஸ் போர்டு எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்வதை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். எழுதட்டும். பேசினவர்கள் பேச்சை மட்டும் அப்படியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

என் வயதுக்காரிகளே, அரங்கு என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சின்னஞ்சிறுசுகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லும் புளியும் பித்தளைப் பாத்திரமும் வைக்கிற உள்ளறைதான் அரங்கு. பெரிய மனுஷியான அன்றைக்கு என் சிலேட்டை வாங்கி உறியில் வைத்துவிட்டு என்னை அங்கே உட்கார வைத்தார்கள். வயது பிந்திச் சேர்ந்த பள்ளிக்கூடம், இரண்டாம் வகுப்போடு நின்றது. கல்யாணமாகித்தான் இனி வாசலைத் தாண்ட வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. உங்களில் பல பேர் வீட்டிலும் அதுதான்.

அந்த அறையில் பழம்புளி வாசனை ஒரு மூலையில் இருக்கும், நெல்லுமி வாசனை இன்னொரு மூலையில். கண்ணை மூடிக்கொண்டே எந்த மூலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒரு சன்னல். அதற்கு ஐந்து மரக்கம்புகள். வெளியே முடுக்கு. எதிர்வீட்டு மொட்டைச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து அது. மத்தியானத்துக்கு மேல் வெயில் அதில் நேராக இறங்கி, கம்புகளின் நிழலை என் மடியில் போடும். காலடிச் சத்தத்தை வைத்தே போகிறவர் யாரென்று சொல்லப் பழகியிருந்தேன்.

இன்னொரு பக்கத்துச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொதுச் சுவர். அந்த வீட்டுக்காரர் என் அப்பாவோடு ஒன்றாய்ப் படித்தவர், பெண்சாதியை இழந்தவர். அவர் இருமினால் என் தலைமாட்டில் கேட்கும். "வேற இடம் அமையலைன்னா அவாளுக்கே குடுத்துரலாம், பிள்ளை கண்ணு முன்னாலயே இருப்பா" என்று அப்பா அம்மையிடம் சொன்னது அதே சுவரோரம்தான் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த இருமல் கேட்டால் பாயை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

அப்போதுதான் அப்பா அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, வந்ததும் வராததுமாய் இலைக்கு முன் உட்கார்ந்து சொன்னார்.

"ஆழ்வார்குறிச்சியில நல்ல இடம் ஒண்ணு. மாப்பிள்ளைக்கு அம்மைக்கு வீணைன்னா உசுராம். வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையத்தான் எடுப்பாவளாம். எங்க வீட்டுப் பிள்ளை விரல் வச்சா வீணை பேசும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அம்மை சோற்றுக் கரண்டியை இலைக்கு மேலேயே நிறுத்திவிட்டாள். "நம்ம வீட்ல வீணை எங்க இருக்கு?"

"இல்லன்னா உண்டாக்கணும். சோலியில்லாம ஒருத்தன் நம்ம வீட்ல தின்னுட்டுக் கெடக்கான்லா, அவன எதுக்கு வச்சிருக்கேன்?"

தின்றுவிட்டுக் கிடந்தவர் என் சித்தப்பா. அப்பாவுக்குத் தம்பி. கல்யாணமாகவில்லை, உத்தியோகம் இல்லை. உளியும் அரமும் கையில் இருந்தால் சோறு வேண்டாம். கிளியை விரட்டக் காற்றிலே தட்டுகிற பலகை செய்து வயலில் நட்டிருந்தார். கிளிகள் அதன் மேலேயே உட்கார்ந்தன என்று அப்பா நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

வீணையைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் வீணை வந்து இறங்கினால் நேற்றுவரை இந்த வீட்டில் வீணை கிடையாது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடாதா? அப்பாவுக்குச் சொன்ன சொல்தான் பெரிது.

சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. என் அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன் பாட்டு வாத்தியார் ஒருவர் தம் வீணையோடு வந்து சொல்லிக் கொடுத்தார். அக்கா கொட்டாவி விடுவாள். பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டேன். அக்கா எழுந்து போன நேரத்தில் விரல் வைத்தும் பார்த்திருக்கிறேன். வாத்தியார் கண்டும் காணாததுபோல் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஆழ்வார்குறிச்சி வீட்டுக் கொல்லைப்படி இறங்கினால் கடனாநதி என்று அம்மை வாயிலிருந்து கேட்டிருந்தேன். தாமிரபரணியில் போய் விழுகிற ஆறு. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆற்றில் கால் வைக்கலாம். வீணை பாடினால் ஆறு. பாடாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருமல்.

*

பழைய தொழுவத்தை இடித்தபோது எடுத்து வைத்த பலாக்கட்டை கிடந்தது. சித்தப்பா அதைக் குடைந்து குடம் செய்தார், நீளத் துண்டில் தண்டி செய்தார். தண்டி என்றால் வீணையின் கை. அதன் மேல்தான் தந்தி ஓடும். எல்லாம் தொழுவத்துப் பக்கம் தட்டுகிற சத்தமாகத்தான் எனக்குத் தெரியும். மெட்டுக்கு வெண்கலம் வேண்டும் என்றபோது அம்மை உள்ளே போய் விளிம்பு கீறிப்போன தன் சீர்ப்பானையை எடுத்து வந்து போட்டாள்.

"இது எங்க அம்மை குடுத்தது தம்பி. வீணாப் போயிறப்படாது."

"வீணாப் போவாது மைனி. உங்க பானை பாடும், பாருங்க."

பாத்திரம் வார்க்கிற கன்னாரிடம் கொடுத்து உருக்கி, சிறுவிரல் நீளத்தில் கட்டை கட்டையாக வார்த்து வாங்கி வந்தார். அவைதான் மெட்டுகள். விரல் தந்தியை அழுத்துகிற இடத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒன்று, தண்டி நெடுகப் படிபோலக் கிடக்கும். அதை ஆணியடித்தா வைக்கிறார்கள்? மெழுகில் வைக்க வேண்டும். தண்டியின் இரண்டு ஓரத்திலும் கரிய மெழுகை வரப்பு மாதிரிப் பிடித்து, இளகியிருக்கும்போதே மெட்டை அதன் குறுக்கே பதித்து, தந்தியைத் தட்டிக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, சரியான பிறகு ஆற விட வேண்டும். ஆறியபின் அது கல்.

இங்கேதான் வந்தது வில்லங்கம். சித்தப்பாவுக்குக் கை உண்டு, காது கிடையாது. ஸ்வரம் ஏறினதா இறங்கினதா என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். நான் அரங்கை விட்டு வெளியே வரக்கூடாது. மெழுகை உள்ளே உருக்கலாம் என்றாலோ அம்மை ஒரே பிடியாய் நின்றாள்.

"தேனீயப் புகை போட்டுக் கொன்னு எடுக்கிற மெழுகு அது. சைவ வீட்டுக்குள்ள அந்த வாடை வரப்படாது. பூசைப்பெட்டி இருக்கு உள்ள."

"மைனி, தேன் மட்டும் திங்கிறோம்லா?"

"தேனு அபிசேகத்துக்கு ஆவும். மெழுகு ஆவுமா? கூறுகெட்ட பேச்சுப் பேசாதிய தம்பி."

பெண் வெளியே வரக்கூடாது. மெழுகு உள்ளே வரக்கூடாது. சித்தப்பா அன்று முழுக்க முடுக்கில் உலாத்தினார். அவர் இடதுகால் கொஞ்சம் இழுக்கும், அந்தச் சத்தம் போய்ப் போய் வந்தது. பிறகு சன்னலுக்கு நேரே நின்றது. கம்பு ஒன்றில் விரலால் தட்டினார்.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளி நில்லு."

நடுக்கம்பைப் பெயர்த்து எடுத்துவிட்டார்.

அரங்கின் தளம் உயரம், சன்னல் தரையோடு இருக்கும். முடுக்கு தாழ்வு. தண்டி நுனிக்கு வருகிற யாளிமுகம் இன்னும் பொருத்தாத வீணையை உள்ளே கொண்டுவந்து, குடத்தை என் மடிக்கருகே வைத்து, தண்டியை அந்த இடைவெளி வழியே வெளியே நீட்டினார்கள். வெளியே அது சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேராக நின்றது. உள்ளே நான் தந்தியைத் தட்ட வேண்டும், வெளியே அவர் மெட்டை அழுத்த வேண்டும். பாதி வீணை அரங்கில், பாதி வெயிலில். அவ்வளவு நாளும் என் மடிக்கு மேல் ஏறாத வெயில், வெளியே பதிக்க எடுத்து வைத்திருந்த வெண்கலத்தில் பட்டு என் முகத்தில் அடித்தது. கூசியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பாபநாசத்து மலைத்தேன்காரரிடம் வாங்கின மெழுகு. விளக்குக்கரியும் குங்கிலியப் பொடியும் கூட்டி மண்சட்டியில் உருக்குவார். குங்கிலியம் போட்டால்தான் வெயிலுக்கு நிற்குமாம். சட்டியிலிருந்து ஒரு பொட்டு எடுத்துச் சுவரில் அப்பி, வெயிலில் காயவிட்டு, பெருவிரலை ஊன்றிப் பார்ப்பார். அச்சு விழுந்தால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குங்கிலியம். விழாமல் நின்ற அன்றைக்குத்தான் மெட்டைக் கையில் எடுத்தார்.

"தட்டு."

தட்டினேன்.

"சரியா?"

"இல்ல சித்தப்பா. இன்னும் பைய இங்கன."

"இங்கனன்னா எங்கன? நான் உன்ன மாதிரி உள்ளயா இருக்கேன்?"

"என் பக்கம். எள்ளுக் கனம்."

"எள்ளுல கறுப்பா வெள்ளையா?"

சிரித்தால் வயிறு குலுங்கித் தந்தி அதிரும், மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். அதற்காகவே சிரிக்க வைப்பார். தந்தி நீளத்துக்கு நூல் பிடித்து, அதை மடித்துப் பாதி கண்டுபிடித்து, மேல் சட்சத்தை, மேல் ஸ என்கிற ஸ்வரத்தை, முதலில் வைத்தோம். அதைத் தாண்டி எல்லாம் என் காதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இரண்டு பேரும் நிறுத்திவிடுவோம். இருமல் அடங்கட்டும் என்று சித்தப்பா விரலை மெட்டின் மேலேயே வைத்துக் காத்திருப்பார். சூட்டு மெழுகு. விரல் நுனி சிவந்து கொப்பளித்திருந்ததைக் கம்பு வழியே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பதநீர்க்காரி வருவாள். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரி, வாய் சும்மா இராது.

"என்ன அண்ணாச்சி, கட்டையச் சன்னலுக்குள்ள சொருவுதியளா, சன்னல்லேருந்து உருவுதியளா?"

"ஏன், நீ ஒரு கை பிடிக்கியா?"

"எனக்கு எதுக்கு? உள்ள ஒரு ஆளு பிடிச்சிருக்குலா, கை தெரியுதே! ஏளா தாயி, அங்கனயே உக்காந்து உக்காந்து வெளுத்துப் போனியே. கையக் குடு."

கம்பு போன இடைவெளியில் நான் கையை நீட்டினேன். பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி என் கையில் தந்தாள். அவள் கையின் சொரசொரப்பும் பனைநார் வாசனையும் இப்போதும் தெரிகிறது. வீட்டுக்கு வெளியே உள்ள ஒருத்தி என்னைத் தொட்டது அந்தக் கோடையில் அந்த ஒரு தரம்தான். சித்தப்பா தலையைத் திருப்பிக்கொண்டு சட்டியைக் கிளறினார்.

மெட்டெல்லாம் வைத்து முடித்தபின்தான் வேலை தொடங்கியது என்றார். மெட்டின் முனை கூராக இருந்தால் விரல் அறுந்துபோகும். சின்ன அரத்தால் ஒவ்வொரு முனையும் ராவினார். பஞ்சைப் பிய்த்து மெட்டுகளின் மேல் மெல்ல இழுப்பார், எங்கே ஓர் இழை சிக்குகிறதோ அங்கே மறுபடி அரம். கடைசியில் தன் கன்னத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். நான் விரலால் தடவ வேண்டிய இடத்தை அவர் கன்னத்தால் தடவினார். பிறகு புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினார். அம்மை எட்டிப்பார்த்து, "என் பானைதான், அதே நெறம்" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் போகும்போது, "மெழுகு தீட்டுக்கு மட்டும் ஏதாவது செய்யணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வீணை முழுக்க உள்ளே வந்தது. கம்பை மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று. அப்பா திண்டில் சாய்ந்தபடியே, "ஆணியடிச்சாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"ஆச்சு அண்ணாச்சி" என்றார் சித்தப்பா, சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே.

அப்புறம் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆணி இல்லட்டி. மிச்ச மெழுகுலதான் வச்சிருக்கேன். வெயிலுக்கு அசையாது. விளக்கக் கிட்டக் காட்டுனா இளகி வந்துரும். உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

*

பெண் பார்க்கிற அன்று காலையிலேயே என்னை அடுக்களைப் பக்கம் கூட்டிப்போய்த் தலைக்கு ஊற்றி, சடை பின்னி, பூ வைத்து, அக்காவின் பட்டைக் கட்டிவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அக்கா சடையை இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வந்தது. அரங்குக்கு முன் பத்தமடைப் பாய் விரித்து வீணையை வைத்திருந்தார்கள். சாம்பிராணி மணந்தது. வீடு முழுக்கத்தான் மணந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆழ்வார்குறிச்சி அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள். பருத்த உடம்பு, சின்னக் கண். ஆண்கள் முன்கட்டில். என் பின்னால் முடுக்கில் இழுத்து நடக்கிற காலடி வந்து நின்றது.

"வாசி பிள்ளே."

விரலை வைத்தேன். முதல் மெட்டிலேயே தெரிந்துவிட்டது. மெட்டு அசைந்தது. என் விரலுக்கடியில் அது கல் இல்லை, பல்லாட்டம்போல ஓர் ஆட்டம். இரண்டாவது ஒருபக்கமாய் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, ஸ்வரம் இறங்கிக் கேட்டது. அடுத்து ஒன்று முழுக்க அமுங்கிப்போய்த் தட்டினால் இரைந்தது. நாங்கள் இரண்டு பேரும் எள்ளுக் கனம் பார்த்து வைத்த மெட்டுகள்! பட்டில் கரிமெழுகு ஒட்டியது.

அடுத்த வீட்டில் இருமல் கேட்டது.

வயதுக்காரிகளே, அப்போது நான் பயந்தேன் என்று சொன்னால் அது பொய். பயப்பட நேரமில்லை. எந்த மெட்டு எந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று என் காதுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் நான்தானே வைத்தேன். ஸ்வரம் இறங்கிப்போன இடத்தில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தேன், ஏறிக்கொண்டது. அமுங்கின மெட்டை விட்டுவிட்டு அதற்கு முந்தினதில் விரலை ஊன்றி, அங்கிருந்தே இழுத்து அந்த ஸ்வரத்தை எட்டிப் பிடித்தேன். பாட்டு முழுக்க இழுப்புத்தான். நேராக நின்ற ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. விரல் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. அதைப் பட்டில் துடைத்துத் துடைத்து வாசித்தேன். முடிக்கும்போது ஆழ்வார்குறிச்சி அம்மாளின் சின்னக் கண்ணில் நீர் நின்றது.

"வீணை அழுவுதே!" என்றாள். "இத்தன வயசுக்கு இப்பிடி இழைக்குதே இந்தப் பிள்ளை! மனசு மெதுவான பிள்ளைதான் இப்பிடி வாசிக்கும். சொன்ன சொல் தட்டாது. எனக்குப் புடிச்சுப் போச்சு."

நான் மெதுவானவளாம். என் விரலை அவள் பார்க்கவில்லை.

முன்கட்டில் அப்பா, "எங்க வீட்டு வளப்பு அப்பிடி" என்று சொல்வது கேட்டது. தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா சன்னலுக்கு வந்தார். கம்பு வழியே வீணையைப் பார்த்தார். சரிந்தும் அமுங்கியும் கிடந்த மெட்டுகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பிடி வாசிச்சே?"

"இழுத்தேன்."

"எல்லாத்தையுமா?"

விரலைக் காட்டினேன். அவர் தம் கொப்பளித்த விரலால் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குங்கிலியம் கொறைஞ்சு போச்சு போல. இல்ல, சட்டிச் சூடு தப்பு. பிள்ளை வாழ்க்கையவே கெடுத்திருப்பேன். அண்ணாச்சி சொல்லுதது சரிதான். என் கை வச்சது நிக்காது."

"சித்தப்பா, நீங்க—"

"நீ ஆத்தப் பாரு. நல்லா இரு."

காலடி இழுத்துக்கொண்டே முடுக்கின் அந்தக் கோடிக்குப் போயிற்று. அந்தக் காலடியை நான் பிறகு கேட்கவில்லை. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டார். போனது தெரிந்து அப்பா சொன்னது: "ஒரு எலை மிச்சம்."

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அரங்கில் நான் இருந்தேன், என்னோடு அந்தக் கெட்டுப்போன வீணை இருந்தது. மத்தியான வெயில் சன்னலில் நேராக இறங்கும்போது நடுக்கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். கை சுடும். கம்பு அசையாது. அதே சட்டி, அதே மெழுகு. உள்ளே நிழலில் இருந்த மெட்டு இளகியது, வெளியே வெயிலில் நிற்கிற கம்பு ஏன் இளகவில்லை? இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கேட்க ஆளில்லை.

ஒருநாள் எல்லோரும் புடவை பார்க்கிற மும்முரத்தில் இருந்தபோது விளக்கைக் கம்பின் அடியில் காட்டினேன். சித்தப்பா சொன்னபடியே இளகி வந்தது. தலையையும் தோளையும் வெளியே நீட்டி முடுக்கின் இரண்டு கோடியையும் பார்த்தேன். ஓர் ஆடு எச்சில் இலை தின்றுகொண்டிருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். இறங்கி எங்கே போவது? கம்பை மறுபடி மெழுகில் வைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

*

ஆழ்வார்குறிச்சி வீட்டுக் கொல்லையில் ஆறு இருந்தது. பொய்யில்லை. படியும் இருந்தது. படிக்கு முன் ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு, சாவி மாமியார் இடுப்பில். போன மறுநாள் கேட்டேன்.

"அத்தை, ஆத்துக்குக் குளிக்கப் போவலாமா?"

"இந்த வீட்டு மருமவ ஆத்துக்குப் போமாட்டா. ஆறு இங்கன வரும்" என்றாள். வந்தது, குடத்தில். ஐப்பசி வெள்ளத்தில் அது கதவுக்கு அந்தப் பக்கம் இரைவதைக் கேட்டுக்கொண்டே பிள்ளை பெற்றேன். ஒன்றல்ல, ஒன்பது.

வீணையை மச்சில் ஏற்றிவிட்டார்கள். மருமகளுக்கு வாசிக்கத் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்தாயிற்று, அது போதும் அவர்களுக்கு. பல வருஷம் கழித்து இறக்கிப் பார்த்தபோது தேன் வாசனைக்கு எலி மெழுகை முழுக்கக் கரண்டியிருந்தது.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எனக்கு வளைகாப்பிட அம்மை வந்திருந்தாள். என் மாமியார் பழைய கதையாய், "அன்னைக்கு இவ வாசிச்சது இன்னும் காதுல இருக்கு" என்றாள். அம்மைக்குப் பெருமை தாங்கவில்லை. என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னாள்.

"உனக்குத் தெரியாது பிள்ளே. அன்னைக்குக் காலையில நீ சடை பின்னிட்டு இருந்தேல்லா, அப்ப வீணைக்கும் நல்லெண்ணெயச் சூடுபண்ணித் தேய்ச்சு, ஒன் தலைய ஒணத்துத மாதிரி சாம்பிராணிக் கூடையில கவுத்து வச்சேன். கங்கு நெறையப் போட்டு. மெழுகு தீட்டும் கழிஞ்சுது, அது எங்கம்மை பானையும்லா! அதான் அப்பிடிப் பாடிச்சு."

கையில் அடுக்கின வளையல் சத்தம் போடாமல் இருக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். கம்பு ஏன் நின்றது, மெட்டு ஏன் சாய்ந்தது என்று தெரிந்துவிட்டது. அம்மையின் முகத்தைப் பார்த்தேன். பானை நிறத்தைப் பார்த்து மலர்ந்த அதே முகம். அவளும் தன் இஷ்டத்துக்கு வீட்டு வாசலைத் தாண்டினவள் இல்லை. அவள் செய்தது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த ஒன்றுதான் இருந்தது. "ஆமாம்மா" என்றேன்.

ஆனால் சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டுமே. கொழும்பில் ஒரு கடையில் காவல் இருக்கிறாராம், உளியைத் தொடுவதில்லையாம், யாராவது ஒரு பலகையை அடித்துத் தரச் சொன்னால்கூட "என் கை வச்சது நிக்காது வே" என்கிறாராம். சொன்னவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர், மறுபடி கப்பலேறப் போகிறவர். எங்கள் வீட்டு முன்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால். என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன்.

"எங்க சித்தப்பாட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. மெழுகு சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லணும்."

"என்ன மெழுகு?"

"அப்பிடிச் சொன்னாப் போதும், அவாளுக்குத் தெரியும்."

எப்படி அதற்கு மேல் விளக்குவேன்? உங்கள் அம்மை கண்ணீர் விட்ட வாசிப்பு, இளகிப்போன மெட்டில் வாசித்தது என்றா? அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. "கிறுக்காட்டி ஒனக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு இடுக்கில் காதை வைத்துக் கேட்டேன்.

"என்னவாம் வீட்ல?" என்றார் கொழும்புக்காரர்.

"ஒண்ணுமில்லவே. எல்லாரும் சொகம்னு சித்தப்பாட்டச் சொல்லணுமாம்."

அவ்வளவுதான். நான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போய்ச் சொல்லவில்லையே என்று என் பேத்தி கேட்கிறாள். அவளுக்குக் கதவு என்றால் திறக்கிற பலகை. சித்தப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார். உளியைத் தொடாமலேதான் போனாராம்.

எல்லாம் சொல்லியாயிற்று. எழுதினதைக் கொண்டா பிள்ளே, வாசித்துக் காட்டு. அன்றைக்கு நான் சொன்னது ஒன்று, முன்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்று. இதிலும் அப்படி ஆகியிருக்கக் கூடாது. முழுக்க வாசிக்க வேண்டாம், அந்த ஓர் இடத்தைக் கண்டுபிடி. மெழுகு சரியாகத்தான் இருந்தது என்று இருக்கிறதா? இருக்கிறதென்றால் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொள். வெளியே நிற்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரி வாசி.